செய்கூலி எழுதிய சீட்டு

கைவினை செய்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் விற்பனைக் கூடத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளிலும் ஒரு சிறிய சீட்டு கட்டியிருக்கும். பொருட்செலவு, செய்கூலி, கூடத்தின் பங்கு என்று மூன்று வரி. கீழே கூட்டுத்தொகை. அதற்கும் கீழே செய்தவரின் பெயர். வருகிறவர்களில் பலர் பொருளைத் தொடுவதற்கு முன்பே சீட்டைத்தான் திருப்பிப் பார்க்கிறார்கள். ஓர் ஒயர் கூடைக்கோ களிமண் விளக்குக்கோ செய்கூலி என்று தனியாக ஒரு தொகை எழுதியிருப்பதை அவர்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தங்கத்துக்கு மட்டும் நாம் அதைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் எந்த நகைக்கடைக்குள் நுழைந்தாலும் அன்றைய 916 தங்கத்தின் கிராம் விலை கண்ணில் படும். நகையைத் தராசில் வைப்பார்கள், எடையைச் சொல்வார்கள், அதற்கு மேல் செய்கூலி இவ்வளவு என்பார்கள். "செய்கூலியில கொஞ்சம் பாத்துப் போடுங்கண்ணே" என்று பேரம் நடக்கும். ஆனால் செய்கூலி எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. தங்கம் வேறு, அதை வளைத்து ஊதிப் பற்றவைத்த கை வேறு என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தெளிவு தங்கத்தோடு நின்றுவிட்டது. பாய்க்கு இல்லை, பானைக்கு இல்லை, பூமாலைக்கு இல்லை, ரவிக்கையில் போட்ட கைவேலைக்கும் இல்லை.

சீட்டு யோசனை எங்கள் பத்தர் ஐயாவுடையது. சின்ன வயதிலேயே பஃபலோ சாலைப் பக்கம் ஒரு பட்டறையில் வேலைக்கு உட்கார்ந்தவர். கம்பியச்சில் வெள்ளிக் கம்பியை இழுத்து இழுத்து மயிரிழையாக்குவதும், வெங்காரம் தடவி ஊதுகுழலில் ஒரே சீரான மூச்சோடு பற்றவைப்பதும் அங்கே படிந்த வித்தை. இயந்திரத்தில் வார்த்த நகைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கத் தொடங்கியபின் அவர் வேலை பழுதுபார்ப்பதாகச் சுருங்கியது. அறுந்த சங்கிலி, கழன்ற திருகு, விரலுக்குப் பற்றாத மோதிரம். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். எங்களோடு சேர்ந்தபின் வெள்ளியில் மெட்டி, கொலுசு, குழந்தைகளுக்கு அரைஞாண் என்று மறுபடியும் முழுப்பொருள் செய்கிறார்.

கூடம் என்று நான் சொல்வது வீராசாமி சாலைக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. வார நாள்களில் அங்கே துணைப்பாட வகுப்பு நடக்கிறது. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை எங்களுக்கு. அலமாரிகள் எல்லாவற்றுக்கும் சக்கரம் வைத்திருக்கிறோம். ஞாயிறு இரவு சுவரோரம் தள்ளித் திரையை இழுத்துப் பூட்டிவிட்டால், மறுநாள் பிள்ளைகள் கணக்குப் போட உட்காரலாம். கீழே அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், ஒரு பலகை. அவ்வளவுதான் விளம்பரம். ஆளுக்கு மாதச் சந்தா கட்டுகிறோம், முறை வைத்துக் கல்லாவில் உட்காருகிறோம், விற்றதில் 15 சதவீதம் கூடத்துக்குப் போகிறது. வெளியே ஒரு கடையில் பொருளை ஒப்படைத்து விற்றால், வழக்கமாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கடைக்காரருக்கு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த ஊர் வாடகை அப்படி. ஆனால் பாதியைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் ஒயரும் வெள்ளியும் மண்ணும் வாங்கினால், கைக்கு என்று எதுவும் நிற்காது.

எங்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே செய்கிறவர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சிறு வீட்டுத்தொழில் செய்யத் தனியாக அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது, வாசலில் பலகை மாட்டக் கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு ஆகக் கூடாது. நியாயமான விதிகள்தான். என்றாலும் கதவுக்குப் பின்னால் செய்யும் வேலை கதவுக்குப் பின்னாலேயே இருந்துவிடுகிறது. எட்டாம் மாடி அக்கா கூடை பின்னுவார் என்பது அந்த புளோக்குக்குத் தெரியும். பக்கத்து புளோக்குக்குத் தெரியாது. தீபாவளிச் சந்தையில் ஒரு கடை எடுக்கலாம் என்றால், அந்த வாடகையை விளக்கு விற்று மீட்க முடியாது. ஆளாளுக்கு முடியாததைச் சேர்ந்து செய்யலாம் என்றுதான் இந்த மேல்மாடிக்கு வந்தோம்.

திறப்பதற்கு முன் எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து விலை நிர்ணயம் செய்த மாலை என் மனத்தில் அப்படியே இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் பொருளை நடுவில் வைத்துத் தான் நினைத்த விலையை வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில், சொல்ல வேண்டும். தெம்பனிஸிலிருந்து வரும் அக்கா, மஞ்சளும் பச்சையுமாக ஒரு சின்ன சிவன் கண் கூடையை வைத்தார். ஒயர் கூடை பின்னியவர்களுக்குத் தெரியும், சாதா முடிச்சு வேறு, நெல்லிக்காய் முடிச்சு வேறு, சிவன் கண் வேறு. கண்ணுக்குக் கண் நிறம் மாறி வர வேண்டும். ஒரு முடிச்சு தளர்ந்தால் கூடை முழுக்கக் கோணிவிடும். அடிப்பக்கம் கல்போல் நின்றது அவருடைய கூடை.

"பதினெட்டு வெள்ளி போடலாம்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு உடனே, "அதிகமோ?" என்றும் கேட்டார்.

பத்தர் ஐயா கூடையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "ஒயரு எவ்வளவும்மா?"

"எட்டு வெள்ளி வரும் ஐயா. ஊருலேருந்து தங்கச்சி அனுப்பினது."

"எவ்வளவு நேரம் பின்னினே?"

"தெரியலையே. டிவி பாத்துக்கிட்டே பின்னினது."

"டிவிய கண்ணு பாத்துச்சு. பின்னுனது கைதானே? செய்கூலி எங்க?"

அக்காவிடம் பதில் இல்லை. சுற்றி உட்கார்ந்திருந்த எங்கள் யாரிடமும் இல்லை. நான் என் விளக்குகளுக்கு மண், மெருகு, சூளைக்கட்டணம் எல்லாம் கூட்டி மேலே இரண்டு வெள்ளி வைத்திருந்தேன். துணித்தையல் செய்யும் பெண் துணிவிலையை அப்படியே இரட்டிப்பாக்கியிருந்தாள். எல்லாருடைய கணக்கிலும் பொருளுக்கு விலை இருந்தது, கடைக்குப் பங்கு இருந்தது, உழைத்த நேரத்துக்கு மட்டும் இடம் இல்லை. பொழுதுபோக்குத்தானே, வீட்டில் சும்மா இருக்கும் நேரந்தானே என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். ஐயா ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டு, "நகைக்கடையில போய் 'பத்தர் சும்மா இருந்த நேரத்துல செஞ்சார், செய்கூலி வேண்டாம்'னு சொல்லிப் பாருங்க" என்றார். அன்றைக்கு முடிவானதுதான் மூன்று வரிச் சீட்டு.

மணிக்கு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. சிங்கப்பூரில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் என்று சட்டத்தில் கிடையாது. துப்புரவு, பாதுகாவல், சில்லறை விற்பனை போன்ற துறைகளுக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை இருக்கிறது. கைவினைக்கு அப்படி எதுவும் இல்லை என்பதால் நாங்களே ஒன்றைத் தீர்மானித்தோம்: யாராக இருந்தாலும் மணிக்கு 10 வெள்ளிக்குக் கீழே போகக் கூடாது. அதற்கு மேல் அவரவர் கைத்திறம். அக்காவுக்கு அந்தக் கூடை ஆறு மணி நேர வேலை. 60 வெள்ளி செய்கூலி, 8 வெள்ளி ஒயர், 12 வெள்ளி கூடத்துக்கு. மொத்தம் 80.

"ஐயோ, எண்பது வெள்ளி கொடுத்து ஒயர் கூடையை யார் வாங்குவாங்க?" என்று அக்கா கையை உதறினார். அவர் பயம் வெறும் பயமில்லை. நாள் கணக்கில் அது அலமாரியிலேயே இருந்தது. சீட்டைப் பார்த்துவிட்டு, "ஊர்ல முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குமே" என்று சொல்லிப் போனவர்கள் உண்டு. பிறகு ஒருவர் வாங்கினார், அவர் சொல்லி இன்னொருவர். இப்போதும் அக்காவுக்கு விற்பனை மெதுவாகத்தான் நடக்கிறது. முன்பு திருமணங்களுக்கு மொத்தமாக நூறு தாம்பூலப் பை கேட்டு, ஒன்றுக்கு ஐந்து வெள்ளி பேசுவார்கள், விடிய விடியப் பின்னுவார். அந்த ஆர்டர்களை அவர் இப்போது எடுப்பதில்லை. குறைவாகப் பின்னுகிறார், ஆற அமரப் பின்னுகிறார். நிறங்களைச் சேர்ப்பதில் அவரிடம் இப்படி ஒரு கண் இருப்பது முன்பு எங்களுக்கே தெரியாது. போன மாதம் சாம்பலும் கருநீலமுமாக ஒரு கூடை கொண்டுவந்தார். விற்பதற்கு முன் அதை நான் பல தடவை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

தனியாக ஒருவர் தன் விலையை இப்படி உயர்த்த முடியாது. பக்கத்துக் கடையில் இருபதுக்குக் கிடைத்தால் அவர் கதை முடிந்தது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே அளவுகோலை வைத்து, அதை எழுதியும் ஒட்டினால்தான் நிற்கும். கூட்டுறவு என்பது இதற்காகவே பிறந்தது என்று நினைக்கிறேன். 1844ல் இங்கிலாந்தின் ரோச்டேலில் 28 பேர் சேர்ந்து ஒரு சின்ன மளிகைக்கடை திறந்தார்கள். இன்றைய கூட்டுறவு இயக்கம் தன் வேரை அங்கேதான் காட்டுகிறது. அவர்களில் பலர் நெசவாளிகள், மற்றவர்களும் கைத்தொழில்காரர்கள். தறி ஆலைக்குப் போய்க் கைக்கு வேலை குறைந்த காலத்தில் திறந்த கடை அது. பங்கு எவ்வளவு போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான் என்ற விதியை உலகம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 1935ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், கைத்தறி நெசவாளர் சங்கங்களின் பொருளை விற்கிறது. அங்கே பட்டுப்புடவைகளோடு, நெய்தவரின் படமும் பெயரும் போட்ட அட்டை வைக்கும் வழக்கம் வந்ததும் எங்கள் சீட்டுக்கு ஒரு தைரியம் தந்தது.

இந்த ஊரில் கூட்டுறவு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஃபேர்பிரைஸ் பேரங்காடி. 1973ல், விலைவாசி ஏறிக்கொண்டிருந்தபோது தோ பாயோவில் 'என்டியுசி வெல்கம்' என்று திறந்த கடையிலிருந்து வளர்ந்தது. அதற்கும் வெகுமுன்பே 1925ல், அரசாங்க ஊழியர்களின் சிக்கன, கடன் சங்கம் வந்துவிட்டது. வாங்குகிறவருக்கும் சேமிக்கிறவருக்கும் இந்த நாட்டில் கூட்டுறவு நிறையச் செய்திருக்கிறது. செய்கிறவரின் பக்கத்திலிருந்து அதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. நாங்களும் சட்டப்படி பதிவு செய்த சங்கம் அல்ல, நடைமுறையில் அப்படி. ஆளுக்கு ஒரு ஓட்டு, கணக்கு எல்லார் கண்ணிலும் படும்படி சுவரில். பதிவு செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அதற்கான தாள் வேலையை நினைத்துச் சிலர் தயங்குகிறார்கள்.

1970களில் டாங்லின் சாலையில் ஒரு கைவினை நிலையம் இருந்தது. சுற்றுப்பயணிகளை மனத்தில் வைத்துக் கட்டியது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். செய்கிறவர்களை உட்காரவைத்துக் காட்டினார்கள், வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த முயற்சியைக் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் அங்கே செய்கிறவர் காட்சிப்பொருளில் ஒரு பகுதி. எங்கள் கூடத்தில் பூட்டும் சாவியும் அவர் கையில்.

உள்ளூர் என்றால் எது என்ற கேள்வியில் எங்களுக்குள் சண்டையே வந்தது. தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், அலமாரி நிறைய இருக்கும் பித்தளை விளக்கு, மரப்பாச்சி, கல்பதித்த பெட்டி எல்லாம் மிகப் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. வாங்கிச் செல்லும் பயணிகள் பலர் இங்கே செய்ததென்றே நினைத்து எடுத்துப் போகிறார்கள். எங்களில் ஒருவர், ஊரிலிருந்து மரப்பொம்மைகள் வரவழைத்து வைத்தால் வாடகைக்கு உதவும் என்றார். நல்ல பொம்மைகள்தான், நல்ல கைகள் செய்தவைதான். ஆனால் அந்தக் கைகள் எங்கள் வட்டத்தில் உட்கார்ந்து விலை சொல்லவில்லை. அவர்களுடைய செய்கூலி வரியில் நாங்கள் எதை எழுதுவது? அதனால் வேண்டாம் என்று முடிவாயிற்று. மறுபக்கம், ஒயரே இந்தியாவிலிருந்து வருகிறது, மல்லிகையும் விமானத்தில் வருகிறது, என் களிமண் இறக்குமதி. பொருள் எங்கிருந்தும் வரட்டும், கை இந்தத் தீவில் இருக்க வேண்டும், அந்தக் கைக்குரியவர் உறுப்பினராக இருக்க வேண்டும். இப்போதைக்கு விதி இதுதான். கெபாயா மேற்சட்டையில் பூத்தையல் போடும் மலாய்க்காரப் பெண்மணியும், மணிமணியாகக் கோத்து, சீன மலாய் மரபுகள் கலந்த பெரனாக்கான் செருப்பு செய்யும் சீன ஆன்ட்டியும் இந்த விதியின்கீழ்தான் வந்தார்கள். கூட்டங்களில் மூன்று மொழியும் கலந்து ஓடுகிறது. 2024 டிசம்பரில் கெபாயா யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வாரம், பூத்தையல் அம்மா எல்லாருக்கும் கூவே பலகாரம் கொண்டுவந்தார்.

என் மண் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் சூளை வைக்க முடியாது. சக்கரத்தில் ஏற்றிக் காயவைத்து, ஒரு ஸ்டூடியோவில் கட்டணம் கட்டி மின்சூளையில் சுடுகிறேன். வாய்ப்பு கிடைக்கும்போது ஜாலான் பஹார் பக்கம் டிராகன் சூளைக்குப் போகிறேன். சிங்கப்பூரில் மிஞ்சியிருப்பவை இரண்டுதான். ஒன்று 1940ல் கட்டியது, 1965லிருந்து டான் குடும்பத்திடம் இருக்கும் தவ் குவாங் சூளை. மேட்டுச் சரிவில் நீளமாகப் படுத்திருக்கும் செங்கல் உடம்பு. கீழே வாயில் தீ மூட்டுவார்கள், சரிவில் அனல் தானாக மேலே ஏறும், விலாவில் இருக்கும் துளைகள் வழியாக விறகு போட்டுக்கொண்டே போவார்கள். 1,200 டிகிரிக்கு மேல் ஏறும்போது விறகுச் சாம்பல் பறந்து பானைமேல் படிந்து உருகி, அதுவே மெருகாகிவிடும். எந்த இடத்தில் எந்த நிறம் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரவெல்லாம் முறை போட்டுக்கொண்டு விறகு தள்ள வேண்டும். ஆறுவதற்கே நாள்கள் ஆகும். அடைத்த செங்கல்லை எடுக்கும்போது யாரும் பேசிக்கொள்வதில்லை. தலைகள் மட்டும் உள்ளே நீளும்.

அந்த ஜூரோங் வட்டாரச் சூளைகளில் ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கில் சுட்டது ரப்பர் பால் பிடிக்கும் கோப்பைகளை. ரப்பர் ஓய்ந்தபின் ஆர்க்கிட் தொட்டிகள். என் பாட்டி ஜொகூரில் பால்மரம் வெட்டியவர். விடியலுக்கு முன் போய், மரத்துக்கு மரம் பால் பிடிக்கும் மங்கைத் துடைத்து வைத்து வந்த கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். அந்த மங்குகளில் சில இந்தச் சூளைகளிலிருந்து போயிருக்கலாம். தியோச்சியூ சீனக் குயவர் ஒருவர் சக்கரத்தில் ஏற்றியதைத் தமிழ்ப் பெண் ஒருத்தி தினமும் கையில் எடுத்திருக்கிறாள். அவர் பெயர் இவளுக்குத் தெரியாது, இவள் பெயர் அவருக்குத் தெரியாது. அடியில் யாருடைய முத்திரையும் கிடையாது. நான் என் விளக்கின் அடியில் பெயரைக் கீறும்போது அந்த இருவரையும் நினைத்துக்கொள்கிறேன்.

பானைக்கும் ஒரு பெயர் உண்டு என்று இந்த நாட்டை நம்பவைத்தவர் இஸ்கந்தர் ஜலீல். கொழும்புத் திட்ட உதவித்தொகையில் 1972ல் ஜப்பான் போய் மண் வேலை கற்றவர், 1988ல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். அவருடைய நீல மெருகும், பானைமேல் கீறிய ஜாவி (அரபு வரிவடிவ மலாய்) எழுத்தும், மரக்கிளைக் கைப்பிடியும் பார்த்த கணத்தில் தெரிந்துவிடும். ஒரு குடம் அருங்காட்சியகத்துக்குள் போகலாம் என்பதை அவரைப் பார்த்துத்தான் எங்கள் தலைமுறை கற்றுக்கொண்டது. அந்த மரியாதையில் ஒரு துளி கூடை பின்னுகிறவருக்கும் மெட்டி செய்கிறவருக்கும் வந்து சேர வேண்டும்.

பூக்கட்டும் தங்கச்சிக்கு அலமாரி கிடையாது. கேம்பல் லேனில் ஒரு பூக்கடையில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை மாலையில் எங்களிடம் வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்து கட்டுவாள். துளசி, அரளி, மருக்கொழுந்து நடுவே ரோஜா இதழை மடித்துச் செருகி அவள் கட்டும் மாலையைப் பார்க்கவே கூட்டம் படியேறி வரும். முழம் போட்டு அளக்கும் கைக்கும் முடிச்சுப் போடும் விரலுக்கும் நடுவில் இடைவெளியே இருக்காது. தேசிய மரபுடைமைக் கழகம் 2018ல் தொடங்கிய மரபுப் பட்டியலில் பூமாலை கட்டுவதும் இருக்கிறது. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அவளுக்குப் பின் யார் உட்காருவார் என்பதைச் செய்கூலிதான் தீர்மானிக்கும். மாலை மறுநாள் வாடிவிடும் என்பதற்காகக் கட்டிய நேரம் வாடிவிடாது என்று சொல்லி, அவளுடைய சீட்டிலும் மணிக்கணக்கை எழுதவைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தீவின் எல்லா மூலையிலிருந்தும் தம்பிகள் வருவார்கள். அப்படி ஒரு ஞாயிறு, கட்டுமான வேலை பார்க்கும் ஒரு தம்பி படியேறி வந்து ஐயாவின் கொலுசை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க வரவில்லை. "பூட்டு நல்லா வந்திருக்கு ஐயா" என்றார். வேலை தெரிந்தவன் சொல் என்று ஐயாவுக்கு உடனே புரிந்துவிட்டது. விசாரித்தால், கும்பகோணம் பக்கம், சுவாமிமலையில் சிலை வார்க்கும் குடும்பம். தேன்மெழுகில் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவது, மெழுகில் உருவத்தைப் பிடிப்பது, காவிரி வண்டலை அரைத்து முதல் பூச்சாகப் பூசுவது, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவது எல்லாவற்றையும் கைகளாலேயே காட்டிச் சொன்னார். அங்கிருந்த பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். சிமெண்ட் வெடிப்பு ஓடிய விரல்கள், காற்றில் ஒரு சாமியின் கையைச் செதுக்கிக் காட்டின.

பிறகு சீட்டைப் பார்த்தார். "எங்கப்பா வார்த்ததெல்லாம் எங்க போச்சு, என்ன விலைக்குப் போச்சுன்னு அவருக்கே தெரியாது. இங்க எழுதியே வச்சிருக்கீங்க" என்றார். அவர் எங்களோடு சேர முடியாது. வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர் அந்த முதலாளியிடம் அந்த வேலையைத்தான் செய்யலாம். சிலை செய்து விற்றால் அவருக்குத்தான் ஆபத்து. சட்டம் தெரிந்துதான் பேசுகிறேன், தெரிந்தும் மனம் ஆறவில்லை. இத்தனை கைத்திறம் வாரந்தோறும் இந்தத் தெருவில் நடந்து போகிறது. அவர் முடிந்தபோது வருகிறார், ஐயாவோடு டீ குடிக்கிறார், இருவரும் உலோகம் பேசுகிறார்கள். ஐயாவுக்கு அவரைப் பார்த்தால் போதும், அன்றைக்கு உடம்புவலி இருப்பதில்லை.

எல்லாமே இனிமையாக நடக்கிறது என்று எழுதினால் பொய்யாகும். எந்தப் பொருளை ஏற்பது என்று மூன்று பேர் பார்ப்பார்கள், அந்த மூவர் மாறிக்கொண்டே இருப்பார்கள். தஞ்சாவூர் ஓவியம் வரைகிற உறுப்பினர் ஒருவரின் கிருஷ்ணர் படத்தில் ஒட்டியிருந்தது தங்க ரேக்கு அல்ல, தங்க நிறத்தாள். அழகான வரைவு, மக்குப் பூச்சும் நன்றாக எழும்பியிருந்தது. படத்தை நிராகரிக்கவில்லை, சீட்டில் தங்க நிறத்தாள் என்று எழுதச் சொன்னோம். அவர் மறுத்தார், படத்தை எடுத்துக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை. அவருடைய கையை இழந்தது எங்களுக்கு நட்டந்தான். இருந்தாலும் அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். செய்கூலியை வெளிப்படையாகக் கேட்கிற நாங்கள், பொருளையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

இப்போது எங்கள் முன் இருப்பது காவடி. பகலில் ஏர்கான் பழுதுபார்க்கும் ஒரு தம்பி, தைப்பூசத்துக்கு முந்திய மாதங்களில் வீட்டின் கீழ்த்தளத்தில் நண்பர்களோடு காவடி கட்டுவார். அலுமினியத்தில் வளைவு, இடுப்புப்பட்டை, தோளில் அழுத்தாமல் இருக்கப் பஞ்சுறை, மேலே அடுக்கடுக்காக மயில்தோகை, உச்சியில் வேல். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஒருவர் சுமந்து ஆடி நடக்க வேண்டும், அதனால் எடை இரண்டு பக்கமும் சமமாக விழ வேண்டும். தோகை ஒன்றை இடம் மாற்றினால் ஆடும்போது சாயும் என்று அவர் விளக்கியபோது, இந்த ஊர்த் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே வளர்த்தெடுத்த கைத்தொழில் இதுதான் என்று எனக்குப் பட்டது. இதைவிட உள்ளூர் எங்களிடம் எதுவும் இல்லை.

ஒரு காவடியைக் கூடத்தில் வைக்கச் சம்மதித்தார். ஆனால் சீட்டு வேண்டாம் என்றார். "முருகனுக்குச் செய்றதுக்குக் கூலி எழுத முடியாதுக்கா. சாமான் காசுகூட நான் யார்கிட்டயும் வாயைத் திறந்து கேட்டதில்ல."

கூட்டத்தில் இது நெடுநேரம் ஓடியது. கூடை அக்காவுக்குச் சம்மதமில்லை. செய்கூலி வரி காலியாக ஒரு பொருள் நின்றால், நாளைக்கு எல்லாரிடமும் "நீங்களும் பக்தியா செய்யுங்களேன்" என்று கேட்பார்கள் என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோலம் போட, பூக்கட்ட, சமைக்க என்று சேவை என்ற பெயரில் பெண்களின் நேரத்தைக் கேட்டு வாங்கிய கதைகள் அவரிடம் நிறைய. பூத்தையல் அம்மா, பள்ளிவாசலுக்குத் தைக்கும்போது தானும் காசு வாங்குவதில்லை என்றார். பத்தர் ஐயா யாருக்கும் சாயவில்லை. கோயில் திருப்பணியில் பொன்வேலை செய்தவர்களும் கூலி வாங்கித்தான் குடும்பம் நடத்தினார்கள் என்று மட்டும் சொன்னார்.

காவடி விற்பனைக்கு அல்ல, அதனால் விலை வேண்டாம். ஆனால் எத்தனை மணி நேரம் என்பதை எழுத வேண்டும் என்பது என் பக்கம். நேர்த்திக்கடன் என்று செய்கூலி வரியில் எழுதட்டும், பக்கத்தில் மணிக்கணக்கு இருக்கட்டும். தம்பி யோசித்தார். இதுவரை அவர் எண்ணிப் பார்த்ததே இல்லையாம். "நண்பர்களோட நேரத்தையும் சேக்கணுமா?" என்று கேட்டார். "சேக்கணும், எல்லார் பேரும் வரணும்" என்றார் கூடை அக்கா, முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கி வந்து. இப்போது அவர்களுடைய கீழ்த்தளத் தூணில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. வருகிறவர்கள் வந்த நேரமும் போன நேரமும் எழுதுகிறார்கள். தைப்பூசம் முடிந்ததும் காவடி எங்களிடம் வரும். வளைவு எங்கள் படிக்கட்டைவிட அகலம், எனவே கழற்றி மேலே ஏற்றித் திரும்பப் பூட்ட வேண்டும்; அந்த நேரத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறோம்.